சாருக்கென்று ஒரு தனி கேசட்

“…அதுல சிரிக்கதுக்கு என்னம்மா இருக்கு? சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன்” என்று சொல்லிக்கொண்டே ஜெபமணி சார் அந்தக் கேசட்டைக் கவுன்டர் கண்ணாடிமேல் வைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அவருடைய கோயிலில் பாடகர் குழு ஒத்திகை. பாளையங்கோட்டையில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அந்தக் குழுவுக்கு சார்தான் தலைவர். ஒத்திகை முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொல்லி, “நான் ஒரு காலத்துல சினிமாவுக்கு மியூசிக் போட்டிருக்கேன், உங்க யாருக்கும் தெரியாது, இப்ப கேளுங்க” என்று டேப்ரிக்கார்டரைத் தட்டியிருக்கிறார். முதல் அடி முடிவதற்குள் பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்திருக்கிறான். அப்புறம் ஆண்கள் பக்கம் முழுக்க. அப்புறம் பெண்பிள்ளைகள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு.

“சாவு மியூசிக்மா அது. சாவு மியூசிக்குக்கு யாராவது சிரிப்பாங்களா?”

அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும். திருநெல்வேலியில் கேசட் வாங்குகிற வயதில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதில் என் பங்கு பெரிது. அதனால் இதை முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆளைப் பார்த்துப் போடுகிற தொழில்

இப்போது ஒலிப்பதிவு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று தெரியாது. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று இருந்தது. பிடித்த பாட்டுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதை வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். நான் முதலில் சேர்ந்தது லேபிள் எழுதத்தான். கையெழுத்து நன்றாக இருக்கும். ஆபரேட்டர் துபாய்க்குப் போனபிறகு கேசட் பதிகிற டெக்கும் என் கைக்கு வந்தது. டேப் உரசுகிற ஹெட்டைத் துடைக்கவும் சத்தத்தின் லெவல் பார்க்கவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி அதற்குமுன் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். “ஏட்டி பேச்சி, பாட்டும் பருப்பும் ஒண்ணுதான். கல்லுப் பொறுக்காமக் குடுத்தா, கடிச்சவன் பல்லு நம்மளத்தான் ஏசும்” என்பார். கல் என்று அவர் சொன்னது அந்த ஆளுக்கு ஆகாத பாட்டை. கல்யாண வீட்டுக் கேசட்டில் பிரிவுப் பாட்டு இருந்தால் சீட்டில் எழுதியிருந்தாலும் விட்டுவிடுவோம். திருச்செந்தூர் பஸ் டிரைவருக்குத் தாலாட்டு கிடையாது. புருஷனை இழந்த ஒரு அக்கா பழைய பாட்டு கேட்டு வந்தபோது, ஜோடிப்பாட்டையெல்லாம் நானாகவே தள்ளிவிட்டுச் சாமி பாட்டு போட்டுக் கொடுத்தேன். மறுபடி வந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருப்தி என்று எடுத்துக்கொண்டேன். கேட்காமலே ஆளறிந்து வெட்டுவதுதான் எங்கள் கடையின் பெருமை. அதில் தப்பு இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

செவ்வாய் மாப்பிள்ளை

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘செவ்வாய் மாப்பிள்ளை.’ வந்த காலத்தில் எந்த ஊரிலும் ஓடவில்லை. செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவன் தகர டப்பா மாதிரி ஒரு கப்பலில் வயக்காட்டில் வந்து விழுகிறான். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். ஜாதகம் பார்க்கிற தரகர், “மாப்பிள்ளையே செவ்வாயிலருந்து வந்துருக்காரு, இதுக்கு மேல என்னய்யா செவ்வாய் தோஷம்?” என்பார். தலையில் சோறு வடிக்கிற வடிதட்டைக் கவிழ்த்துக் கம்பி கட்டியதுதான் மாப்பிள்ளையின் கவசம்.

ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் இந்தப் படத்தின் சுருள்பெட்டி ஒன்று திரும்பிப் போகாமலே கிடந்தது. புதுப்படம் வராத வாரத்தில் அதை எடுத்து ஓட்டுவார்கள். கல்லூரிப் பையன்கள் பார்க்கப் பார்க்க அது அவர்கள் படமாகிவிட்டது. திரையில் தரகர் வாயைத் திறக்கும்முன் தியேட்டரே வசனத்தைச் சொல்லிவிடும். எல்லாவற்றிலும் உச்சம் சாணிக்குழிக் காட்சி. மாமனார் வீட்டுக்கு விறைப்பாக நடந்து வருகிற மாப்பிள்ளை வழுக்கி, நிதானமாகக் கையை விரித்து, சாணிக்குழிக்குள் விழுவான். விழுகிறபோது ஒரு மியூசிக் வரும். எங்கள் ஊரில் அதற்குச் சாணி மியூசிக் என்றே பெயர். பஸ்ஸில் யாராவது கம்பியைப் பிடிக்காமல் சாய்ந்தால் பின்சீட்டிலிருந்து அதை வாயால் வாசிப்பார்கள். பரீட்சையில் தவறினவனுக்கும் அதுதான் வாசிப்பு.

படத்தின் பழைய ரெக்கார்டில் பாட்டு மட்டும் இருந்தது, அதுவும் நாலே பாட்டு. பையன்கள் அதைக் கேட்டு வருவதில்லை. “அக்கா, சாணி மியூசிக் இருக்கா?” என்றுதான் வருவார்கள். அண்ணாச்சிக்கு யோசனை வந்தது. பாட்டு, பின்னணி இசை, காமெடி வசனம் எல்லாம் சேர்த்து முழுசாக ஒரு கேசட் நாமே போட்டால் என்ன? அதுவரை ஊரான் பாட்டை நகல் எடுத்துப் பிழைத்த கடை. இதையாவது முறைப்படி செய்ய வேண்டும் என்று, தயாரிப்பாளரின் மகனைத் தேடிப் பிடித்து உரிமையை எழுதி வாங்கினார். தியேட்டர் ஆபரேட்டர் அறையில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்து, ஆளில்லாத காலைநேரத்தில் படத்தை ஓட்டி வசனங்களை எடுத்தேன். பின்னணி இசை மட்டும் தனியாக வேண்டுமே. தயாரிப்பாளரின் மகன்தான் சொன்னார்: “அது போட்டவரு உங்க பாளையங்கோட்டைக்காரருதானே, ஜெபமணின்னு ஒரு பாட்டு வாத்தியார்.”

இருமல்

ஜெபமணி சாரின் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அவர் மனைவி ரோஸ் டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவந்தார். நானும் அண்ணாச்சியும் போய் விஷயத்தைச் சொன்னதும் சார் வெட்கப்பட்டார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கோயில்ல யாருக்கும் தெரியாது” என்றார். “எங்க வீட்ல சினிமாவுக்குப் போறது பாவம்னு வளத்தவுக. நான் அந்தப் படத்தைப் பாக்கல. எந்தப் படமும் பாத்ததில்ல. பட்டணத்துல ஒரு டைரக்டர் கதை சொன்னாரு, இன்ன இடத்துக்கு இன்ன மாதிரி வேணும்னாரு. வாசிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து, பெரிய வட்டில் சுற்றியிருந்த ஸ்பூல் டேப்பை எடுத்தார். ஓரமெல்லாம் பூஞ்சை. அவரிடம் அதை ஓட்ட மெஷின் இல்லை. “நானே வாசிச்சுக் காட்டுதேன்” என்று ஆர்மோனியத்தை இழுத்தார்.

“அந்நியன் ஒருத்தன். தன் ஊரை விட்டு எங்கேயோ வந்து, பேரு தெரியாத ஊர்ல சாகுதான். அடக்கம் பண்ண ஒரு ஆள் இல்ல. டைரக்டர் அப்படித்தான் சொன்னாரு. நான் அன்னைக்கு ராத்திரி தூங்கல.”

பையப் பைய வாசித்தார். அப்படி ஒரு இசையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மூச்சு விடுகிற மாதிரி ஏறி, நின்று, இறங்கியது. இரண்டாம் தடவை அது திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது சாணி மியூசிக். வேகத்தைக் கூட்டினால் அதேதான். சோகப் படம் ஓடாது என்று யாரோ சொல்லி, செத்துப்போக வேண்டியவனைச் சாணிக்குழியில் தள்ளி, இவருடைய இசையை வேகமாக ஓட்டிவிட்டிருக்கிறார்கள்.

தெரிந்ததும் எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? சிரிப்பு வந்தது. வடிதட்டும் கையை விரித்து விழுகிற அந்த உருவமும் கண்முன் வந்து நின்றுவிட்டன. சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமுகிற மாதிரி குனிந்தேன். அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் வாசிப்பதை நிறுத்தினார். என் கண்ணைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

“அழுதியாம்மா?” என்றார். “தியேட்டர்லயும் ஜனங்க அழுதாங்களோ?”

“அழுதாங்க சார்” என்றேன்.

அவர் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஸ்பூலை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது ரோஸ் டீச்சர் கேட் வரைக்கும் கூட வந்தார். குரலைத் தாழ்த்தி, “நல்ல காரியம் செஞ்ச பிள்ள. எனக்குத் தெரியும். எங்க ஸ்கூல்ல எவளாவது தடுக்கி விழுந்தா பிள்ளைகள் அதத்தான் பாடும். இத்தன வருஷம் அவுக காதுல விழாமக் காப்பாத்திட்டேன். கேசட் வந்தா அவுக கைக்கும் ஒண்ணு வருமே. அதுல மட்டும் அந்தச் சாணிக்குழி வேண்டாம். என்ன?” என்றார்.

அண்ணாச்சி மார்பில் கைவைத்தார். “டீச்சர், ஆளுக்கு ஒரு கேசட்டுங்கதுதானே எங்க தொழிலே. கவலைய விடுங்க.”

திரும்பி வரும்போது சிட்டி பஸ்ஸில் அண்ணாச்சி எனக்கு முன்சீட்டில் இருந்தார். ஒரு வளைவில் அவர் சாய்ந்தார். பின்னாலிருந்து எவனோ வழக்கம்போல வாயால் வாசித்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இரண்டு கேசட்

கடையில் விற்கிற கேசட்டில் முதல் பக்கம் சாணிக்குழிக் காட்சியோடு முடிந்தது. இரண்டாம் பக்கம் கடைசியில் சாரின் ஸ்பூலிலிருந்து எடுத்த முழு இசை. பூஞ்சையைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அந்த டேப்பை ஓட்டியது என் வேலையிலேயே சிரமமான வேலை. அட்டையில் அதற்கு என்ன பெயர் போடுவது என்ற கேள்வி வந்தது. சார் அதற்கு ‘அந்நியனின் மரணம்’ என்று பெயர் சொல்லியிருந்தார்.

“மரணம்னு போட்டா எவன் வாங்குவான்? பையன்க தேடி வாரது சாணி மியூசிக்கு” என்றார் அண்ணாச்சி. அட்டையில் ‘சாணி மியூசிக் முழு நீளம்’ என்றே அச்சாகி வந்தது. அடியில் ‘பின்னணி இசை: ஜெபமணி.’

சாருக்கு நான் தனியாக ஒன்று போட்டேன். சாணிக்குழி இருந்த இடத்தில் படத்தின் காதல் பாட்டை இரண்டாவது தடவை வைத்து இடத்தை அடைத்தேன். அட்டையை என் கையால் எழுதினேன். ‘அந்நியனின் மரணம்’ என்று கறுப்பு மையில், எழுத்துக்கு நிழல் கொடுத்து. அண்ணாச்சி அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, “அச்சடிச்சது ஊருக்கு, கையால எழுதினது உங்களுக்கு. மரியாதைக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கேசட் நன்றாகப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ரோஸ் டீச்சரை மார்க்கெட்டில் பார்த்தேன். சார் தினமும் போட்டுக் கேட்கிறார் என்றார். “ஆளே மாறிட்டாவ. ஜனங்க அழுதாங்கன்னு நீ சொன்னதே போதும்னு சொல்லுதாவ. இத்தன வருஷமா மறைச்சு வச்சது தப்போன்னு கேக்காவ.” பிறகு, “வீட்டுக்குள்ள கிடக்க பொய்க்கு நானே சோறு போட்டுக்கிடுவேன். அது வீதிக்குக் கிளம்பிட்டா என்ன செய்ய?” என்றார்.

எனக்கு அன்றைக்கு அது ஒரு நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. யார் நல்லதாக ஒன்று சொன்னாலும் மனதில் குறித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. குறித்துக்கொண்டேன். அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது எனக்கு ஏறவில்லை.

பொய் கிளம்பியேவிட்டது. ஜனங்கள் அழுத இசை என்ற தைரியத்தில்தான் சார் அதைப் பாடகர் குழுவுக்குப் போட்டுக் காட்டினார்.

கவுன்டரில்

அப்படித்தான் அவர் அன்று காலையில் எங்கள் கடைக்கு வந்து நின்றார். அவருக்கு முன்பே மூன்று கல்லூரிப் பையன்கள் வந்து, புதுக்கேசட்டுகள் அடுக்கியிருந்த பக்கம் நின்றிருந்தார்கள்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு என்ன தெரியும் சார்? சாவு வீட்டுல வச்சும் சிரிக்கும்.”

“எங்க பிள்ளைகளை நான் பால்பல்லு விழுந்த நாள்லருந்து பாக்கேன் அண்ணாச்சி. அதுக அப்படிச் சிரிக்காது.” சார் என் பக்கம் திரும்பினார். “நீ அழுதியேம்மா. உனக்குத் தெரிஞ்சது அதுகளுக்கு ஏன் தெரியல?”

பேச்சி என்று பெயர் வைத்ததால்தான் இப்படி வாயாடுகிறேன் என்று எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு ஒரு சொல் வர அத்தனை நேரம் பிடித்தது.

“நான் அழல சார்” என்றேன். “சிரிப்பை அடக்குனேன்.”

அண்ணாச்சி, “ஏட்டி!” என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அடுக்கிலிருந்து அச்சடித்த அட்டை போட்ட கேசட் ஒன்றைப் பிரித்து டெக்கில் போட்டு, முதல் பக்கத்தின் கடைசிக்கு ஓட்டினேன். மாப்பிள்ளையின் தகரக் காலடிச் சத்தம் வந்தது. மாமனார், “யாருவே அது, ஈயம் பூச வந்தவனா?” என்றார். காலடி வழுக்கியது. சாரின் இசை விறுவிறுவென்று ஏறி இறங்கியது. பொதக்கென்று விழுந்த சத்தம்.

சார் யாரென்று தெரியாத அந்த மூன்று பையன்களும் ஒரே குரலில் அடுத்த வசனத்தைச் சொன்னார்கள்: “எங்க கிரகத்துல தரை இம்புட்டு மெத்துன்னு இருக்காது!” சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். என் உதடும் ஓரத்தில் இழுத்தது. அவ்வளவு நடந்தபிறகும் இழுத்தது. சார் அதைப் பார்த்தார்.

கேசட் டப்பாவை எடுத்து, தூரத்தில் பிடித்து, அட்டையைப் படித்தார். “சாணி மியூசிக். பின்னணி இசை ஜெபமணி.” பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் படித்தார். பையன்களில் ஒருவன் மற்றவன் கையைப் பிடித்து அழுத்தினான்.

“இன்னொரு தடவை போடும்மா.”

போட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சார் கண்ணாடிமேல் ஒரு விரலால் தாளம் தட்டிக்கொண்டே கேட்டார். “டேப்பை வேகமா ஓட்டிவிட்டிருக்கான். சுதியும் மேல ஏறிட்டு” என்றார். தட்டுவதை நிறுத்திவிட்டு, “டீச்சருக்குத் தெரியுமா?” என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் குனிந்து டெக்கைத் துடைத்தேன். அது போதுமான பதிலாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

இந்த வேலையில் என்னிடம் யாராவது வந்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், நான் சொல்வது இதுதான். அன்றைக்குப் பிறகு நான் யாருடைய கேசட்டிலும் அவரைக் கேட்காமல் எதையும் வெட்டியதில்லை. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வெட்டியிருக்கிறேன் என்று லேபிளிலேயே எழுதிவிடுவேன். பாட்டைப் பொறுத்துக்கொள்ளுகிற மனசு அவருக்கு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க நான் யார்? ஜோடிப்பாட்டு கேட்டு வந்து சாமி பாட்டோடு போன அந்த அக்காவின் முகம் எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவர் அதற்கப்புறம் எங்கள் கடைப்பக்கமே வரவில்லை.

“உக்காருங்க சார், காப்பி சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

சார் நான் எழுதிக் கொடுத்த கேசட்டை என் பக்கம் நகர்த்தினார். “எழுத்து நல்லாருக்கும்மா. ஆனா இது எனக்கு வேண்டாம். ஊருக்கு என்ன குடுக்கியளோ அதுல ஒண்ணு குடுங்க.”

அண்ணாச்சி அவசரமாக அடுக்கிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

“இவங்க முன்னமே வந்து நிக்காங்க” என்றார் சார்.

பையன்கள் மூவரும், “இல்ல சார், நீங்க வாங்க சார்” என்று சுவரோடு ஒண்டினார்கள். அவர் அவர்களைத் தாண்டி நடந்து, மூன்றாவது பையனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.